வோட்டும் ஆஸ்பத்திரியும்: இலங்கை, இந்தியா, நடுவுல மலையகம்

இன்னைக்கு எபிசோடை நேரா நம்பர்ல இருந்தே ஆரம்பிச்சிடலாம்.

இந்தியாவுல ஒரு லட்சம் பிரசவத்துக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கிறாங்கன்னு ஒரு அரசுக் கணக்கு இருக்கு. 2018–20 கணக்குப்படி அது 97. இலங்கையில அப்போ அதே எண் முப்பது அளவுல இருந்தது. பிறந்து ஒரு வருஷத்துக்குள்ள இறந்த குழந்தைகள், 2020 கணக்குப்படி இந்தியாவுல ஆயிரத்துக்கு 28. இலங்கையில 6, 7. சராசரி ஆயுள்ல ஏறக்குறைய ஐந்து வருஷ வித்தியாசம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல இருக்கிற கடல் சுமார் 30 கிலோமீட்டர். தாம்பரத்துல இருந்து பீச் ஸ்டேஷன் போற தூரம். இவ்வளவு பக்கத்துல இருக்கிற ரெண்டு நாட்டுக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது?

உடனே வர்ற பதில் எனக்குத் தெரியும்: அது 2 கோடி சொச்சம் பேர் இருக்கிற குட்டித் தீவு, நாம 140 கோடி. நியாயமான பாயிண்ட்தான். அதனால நம்ம மாநிலங்களோட ஒப்பிடுவோம். கேரளா இலங்கைக்குச் சமம், தாய் இறப்புல இன்னும் ஒரு படி மேல. அதே 2018–20 கணக்குல அங்க 19. தமிழ்நாடு 54. நாட்டுச் சராசரியைவிட ரொம்ப நல்ல நிலைமை, ஆனா இலங்கையைத் தொடலை. ஆக அளவு மட்டும் காரணம் இல்லை. வரலாற்றுக்குள்ள போகணும்.

1931. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இலங்கைக்கு ஒரு புது அரசியலமைப்பு வந்தது. 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லாருக்கும் வோட்டு. சொத்து, படிப்பு, வரி ரசீது எதுவும் தேவையில்லை. பிரிட்டனிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வோட்டு 1928ல்தான் கிடைத்தது. மூணே வருஷத்துல ஆசியாவுல இருக்கிற ஒரு காலனிக்கு அதே உரிமை. அதே சமயம் இங்க? 1937 மாகாணத் தேர்தல்ல வோட்டுப் போடத் தகுதி இருந்தவங்க சுமார் 3 கோடி பேர்தான். மொத்த மக்கள்தொகையில ஏறக்குறைய பத்துல ஒருத்தர். வரி கட்டினவங்க, நிலம் வச்சிருந்தவங்க, படிச்சவங்க.

இது ஏதோ பொலிட்டிக்கல் சயின்ஸ் பாடம் மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. மூணு வருஷம் கழிச்சு சம்பந்தம் வந்தது.

1934ல பருவமழை பொய்த்தது. இலங்கையின் தென்மேற்குப் பகுதி எப்பவும் மழை பெய்யும் ஈரமான நிலம். ஆறுகள் வேகமா ஓடும், கொசு முட்டை போட வழியிருக்காது. அந்த வருஷம் ஆறுகள் வற்றி, படுகை முழுக்கக் குட்டை குட்டையாத் தண்ணீர் தேங்கியது. மலேரியா கொசுவுக்கு அதைவிட வேறென்ன வேணும்? வறண்ட பகுதி மக்களுக்கு மலேரியா பழகிய நோய், கொஞ்சமாவது எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலை, குருநாகல் பக்கத்துக் கிராமங்களுக்கு அது இல்லை. ஏற்கெனவே பொருளாதார மந்தத்தில் வேலையில்லாம, அரைப்பட்டினியில் கிடந்த ஊர்கள். சுமார் 80,000 பேர் இறந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போ 55 லட்சம் அளவுதான்.

அந்தக் கிராமங்களுக்குள்ள நடந்து போனவங்கள்ல ஒரு இளைஞர் கூட்டம் இருந்தது. சூரிய மல் இயக்கம். சூரிய மல்னா நம்ம பூவரசம் பூ. முதல் உலகப் போர் நினைவு நாளில் பிரிட்டிஷ்காரர்கள் விற்ற பாப்பிப் பூவுக்குப் போட்டியா இவங்க பூவரசம் பூ விற்றாங்க. கொள்ளைநோய் வந்ததும் கொயினாவும் பருப்பும் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. என்.எம். பெரேராவுக்கு அதனாலேயே பருப்பு மாத்தயா, அதாவது பருப்பு ஐயான்னு பட்டப்பெயர் வந்தது. டாக்டர் எஸ்.ஏ. விக்ரமசிங்க, பிலிப் குணவர்தன எல்லாரும் இந்தக் கூட்டம்தான். 1935 டிசம்பர்ல லங்கா சம சமாஜக் கட்சியைத் தொடங்கினாங்க. 1936 தேர்தல்ல பெரேரா ருவன்வெல்லயில, பிலிப் அவிசாவளையில ஜெயிச்சாங்க. கொள்ளைநோய் தின்னுட்டுப் போன பகுதிகள் அவை.

இந்த இடத்துலதான் இந்தியாவும் இலங்கையும் பிரிந்து போறதா நான் நினைக்கிறேன். காய்ச்சல்ல பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா கையில ஒரு வோட்டு இருக்கு. அவங்க வீட்டு வாசல்ல வந்து நிற்கிற வேட்பாளர், பணக்காரரோ இடதுசாரியோ, டிஸ்பென்சரி எப்ப வரும்னு பதில் சொல்லணும். அடுத்த பதினைந்து வருஷத்துல தீவு முழுக்கக் கிராம ஆஸ்பத்திரிகளும் பிரசவ நிலையங்களும் பரவின. 1926ல களுத்துறையில ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோட ஒரு சுகாதாரப் பிரிவு பரிசோதனையா ஆரம்பிச்சிருந்தாங்க: ஒரு பகுதிக்கு ஒரு மருத்துவ அதிகாரி, அவருக்குக் கீழே வீடு வீடாப் போற மருத்துவிச்சிகள். அந்த மாதிரியை மற்ற இடங்களுக்கும் கொண்டு போனாங்க. 1951ல அரசு ஆஸ்பத்திரிகள்ல கட்டணம் நீக்கப்பட்டது.

1930களில் இலங்கையில ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேல தாய்மார்கள் இறந்தாங்க. 1950 வாக்கில் அது 500 அளவுக்கு இறங்கிடுச்சு. பெரும்பாலானவங்க இதுக்கு டிடிடியைக் கைகாட்டுவாங்க. உண்மைதான், 1946ல வீடுகளுக்குள்ள டிடிடி அடிக்கத் தொடங்கினதும் ஒரே வருஷத்துல இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 20ல இருந்து 14க்கு இறங்கியது. ஆனா மலேரியாவே இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு சரிந்ததை டிடிடி விளக்காது. அங்க வேலை செஞ்சது மருத்துவிச்சியும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியும் சோறும்தான்.

சோறு பத்தி ஒரு நிமிஷம். 1942ல ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்னுபோச்சு. இலங்கை தன் அரிசிக்குப் பெரும்பாலும் அதையே நம்பியிருந்த நாடு. வங்காளத்துக்கும் அதே அடி. ரெண்டும் ஒரே சாம்ராஜ்யம், ஒரே போர். இலங்கையில ரேஷன் வந்தது, அரிசி மானிய விலையில எல்லாருக்கும் போனது. வங்காளத்துல கல்கத்தாவுக்கு முன்னுரிமை கொடுத்துட்டு கிராமங்களைக் கைவிட்டாங்க. 1943 பஞ்சத்துலயும் அதைத் தொடர்ந்த நோய்லயும் இறந்தவங்க சுமார் 30 லட்சம் பேர். வோட்டு மட்டும்தான் வித்தியாசம்னு சொல்ல மாட்டேன். அதை ஒதுக்கிட்டும் இதைப் பேச முடியாது.

சரி, இந்தியா சும்மா இருந்ததா? இல்லை. அதே 1943ல ஜோசப் போர் தலைமையில ஒரு குழு அமைச்சாங்க. 1946ல வந்த போர் கமிட்டி அறிக்கையை இன்னைக்குப் படிச்சாலும் ஆச்சரியமா இருக்கும். பணம் இல்லைங்கிற காரணத்தால யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாதுங்கிறது அதன் அடிப்படை. நீண்ட காலத் திட்டத்துல 10,000லிருந்து 20,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம், அதுல 75 படுக்கை. 1952ல நிஜத்துல தொடங்கினது, லட்சம் பேரை நெருங்கும் ஒரு வட்டாரத்துக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். டிசைன் டாக்குமெண்ட் பிரமாதம், டெப்ளாய் ஆனது வேற ஒண்ணு. ஐடியில இருக்கிறவங்களுக்கு இந்த வலி புரியும்.

அதுக்குள்ள நமக்கும் எல்லாருக்கும் வோட்டு வந்துடுச்சே, அப்புறம் ஏன் அதே மாற்றம் வரலைன்னு ஒரு கேள்வி எழும். என் வாதத்துல இது பலவீனமான இடம், மறைக்க விரும்பலை. சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, அதனால ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழியில போச்சு. பெண்கள் முன்னாடியே படிச்ச கேரளா ஒரு பக்கம் போனது. 1939லேயே தனிப் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டு, அதுக்குத் தனி அதிகாரிகளையும் வச்சிருந்த சென்னை மாகாணம் இன்னொரு பக்கம். உத்தரப் பிரதேசம், பீகாருக்கு அந்த அடித்தளம் இல்லை. இலங்கையில 1945லேயே கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பெண் படிச்சவளா இருந்தா, ஆஸ்பத்திரியில நர்ஸ் இல்லைன்னா சண்டை போடுவா. வோட்டும் படிப்பும் சேரும்போதுதான் வேலை நடக்குது.

இன்னைய நிலைமையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், பணம் எங்க செலவாகுதுங்கிறது. ரெண்டு நாட்டு அரசும் சுகாதாரத்துக்குப் பெருசா ஒண்ணும் கொட்டலை. ரெண்டு நாட்டு மக்களும் கைக்காசு நிறையச் செலவழிக்கிறாங்க. ஆனா இலங்கையில சளி, காய்ச்சல், ஒரு ஸ்பெஷலிஸ்ட் ஆலோசனை இதுக்கெல்லாம் காசு கொடுத்துப் போவாங்க. சாயங்காலம் தனியார்ல டாக்டரைப் பார்க்கிறதுக்கு அங்க சேனலிங்னு பேரு. படுக்கையில சேரணும்னா பத்துல ஒன்பது பேருக்கு மேல அரசு ஆஸ்பத்திரிதான். இந்தியாவுல படுக்கையில சேருறவங்கள்ல பாதிக்கு மேல தனியார். அதாவது அங்க சின்னச் செலவு உங்களோடது, பெரிய செலவு அரசோடது. இங்க அடுப்பு அணையுற அளவுக்குப் பெரிய செலவுதான் குடும்பத்து தலையில விழுது. எங்க ஆபீஸ் குரூப்ல மாசத்துக்கு ஒரு கிரௌட்ஃபண்டிங் லிங்க் வருது, யாரோ ஒருத்தரோட அப்பாவுக்கு. கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறவங்க நிலைமையே இது.

இப்போ தலைப்புல சொன்ன மலையகம். கண்டி, நுவரெலியா, பதுளைத் தேயிலைத் தோட்டங்கள். திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துல இருந்து பிரிட்டிஷ் காலத்துல போன நம்ம மக்கள். இவங்களுக்கு மருத்துவ வசதி செய்து தரணும்னு தோட்ட முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 1912லயே வந்தது. களுத்துறை பரிசோதனைக்கு 14 வருஷம் முன்னாடி. பேப்பர்ல பார்த்தா, கிராமத்துச் சிங்களவரைவிட இவங்க முன்னாடி நின்னிருக்கணும்.

1947 தேர்தல்ல இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பா 7 பேர் நாடாளுமன்றம் போனாங்க. 1948ல குடியுரிமைச் சட்டம் வந்தது. சுமார் 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்க ஆனாங்க. வோட்டும் போனது. 1952ல அந்த 7, பூஜ்யம் ஆனது. மறுபடியும் ஒரு மலையகத் தமிழர், தொண்டமான், தேர்தல்ல ஜெயிச்சு உள்ளே போக 1977 ஆச்சு. சரியா அந்தக் கால் நூற்றாண்டுலதான் தீவு முழுக்க இலவச ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் பரவின. தோட்டத்துக்கு மட்டும் பழைய கம்பெனி டிஸ்பென்சரி, லயத்துல ஒரே அறை. 1973–74ல உணவுத் தட்டுப்பாடு வந்து ரேஷன் குறைஞ்சப்போ, தோட்டங்கள்ல இறப்பு சட்டுனு ஏறியது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு தன் கையில எடுக்கிற வேலை 1990களில்தான் ஆரம்பிச்சு, மெதுவாத்தான் நடந்தது.

ஒரே தீவு, ஒரே அரசு. ஒரு பகுதிக்கு வோட்டு, இன்னொரு பகுதிக்கு இல்லை. இது சுத்தமான ஏ/பி டெஸ்ட் இல்லை. தோட்டக் கூலி, வீடு, மொழி எல்லாமே வேற. ஆனாலும் 2016 ஆய்வுல நாட்டுல வயசுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 17 சதவீதம், தோட்டங்கள்ல 32. இலங்கையைப் புகழும் கட்டுரைகள்ல இந்த ரெண்டாவது எண்ணை அடிக்கடி பார்க்க முடியாது.

அதே மாதிரி இன்னொரு ஓட்டை. 1987, 1993, 2000ல இலங்கை நடத்திய பெரிய மக்கள் சுகாதார ஆய்வுகளில் போர் காரணமா வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படலை. உலகமே பாராட்டிய அந்தச் சராசரிகள்ல யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் கிடையாது. டேட்டாவோட வேலை பார்க்கிறவன்ங்கிற முறையில எனக்கு இது உறுத்துது: எந்த இடத்துல நிலைமை மோசமோ, அந்த இடம்தான் டேபிள்ல காலி.

1964 சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கணும்னு முடிவாச்சு. அந்த மக்களை யாரும் கேட்கலை. அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில டான்டீ தோட்டங்கள் தொடங்கினாங்க. கூடலூர், கோத்தகிரி பக்கம் இன்னைக்கும் அவங்க குடும்பங்கள் இருக்கு.

2022 நெருக்கடியில இலங்கையிடம் டாலர் தீர்ந்தப்போ மருந்தும் தீர்ந்தது. தேவையான மருந்துல பெரும்பகுதி இறக்குமதி, அதுல நிறைய இந்தியாவுல இருந்து. டாக்டர்கள் கூட்டம் கூட்டமா வெளிநாடு கிளம்பினாங்க. ஆனா ஆம்புலன்ஸ் ஓடிக்கிட்டிருந்தது. அங்க 1990க்கு போன் பண்ணினா வர்ற சுவசெரிய ஆம்புலன்ஸ், நம்ம 108 மாதிரியில இந்திய அரசின் நன்கொடையோட 2016ல தொடங்கினது. நாம கடல் தாண்டி அனுப்பினதும் இருக்கு, அவங்ககிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியதும் இருக்கு. 1971ல இலங்கை மருந்துக் கொள்முதலை மாற்றி எழுதிய செனக பிபிலேயோட அறிக்கையில அவர்கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர், முன்னாடி சொன்ன அதே சூரிய மல் டாக்டர் விக்ரமசிங்க. அரசு மருந்தை மொத்தமா, மலிவா வாங்க 1994ல தமிழ்நாடு ஆரம்பிச்ச மருத்துவப் பணிகள் கழகத்தோட வச்சு அந்தக் கதையைப் பார்க்கணும். அது அடுத்த எபிசோட்.