செகண்ட் ஹேண்ட் ரைபிள் ஸ்கோப்: ஒரிஜினலா, டூப்ளிகேட்டா, திருட்டுப் பொருளா? கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி மாநில எல்லையில் இருக்கிறது ஃபோர்ட் கேம்ப்பெல் ராணுவ முகாம். அங்கிருந்து 10 லட்சம் டாலருக்கும் அதிக மதிப்புள்ள பொருட்களைத் திருடி, இபே தளத்தில் விற்றதாக 2016-ல் 6 ராணுவ வீரர்கள், 2 பொதுமக்கள் மீது வழக்கு பாய்ந்தது. அந்தப் பட்டியலில் ஸ்னைப்பர் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்களும் இருந்தன.

ஆன்லைனில் 'நல்ல விலைக்கு' கிடைக்கும் பழைய ஸ்கோப் எங்கிருந்து வந்தது என்று ஏன் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

ஸ்கோப் என்றால் என்ன?

துப்பாக்கியின் மேல் பொருத்தும் சின்ன தொலைநோக்கிதான் ஸ்கோப். தூரத்தில் உள்ள இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும். ஒலிம்பிக்கிலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள், 2024-ல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டி, இரண்டிலுமே ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. சிறு துளை வழியாகப் பார்த்துத்தான் சுட வேண்டும்.

இந்தியாவில் வேட்டைக்கு 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது. வேட்டைக்கு உரிமம் தரும் அமெரிக்காவில்தான் ஸ்கோப்களின் பெரிய சந்தை இருக்கிறது. பழைய ஸ்கோப்களும் அங்கே ஏராளமாகக் கைமாறுகின்றன.

பிரச்னை எங்கே?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடையில் துப்பாக்கி வாங்கினால், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். ஆனால் கூட்டாட்சிச் சட்டப்படி ஸ்கோப் என்பது துப்பாக்கி இல்லை, வெறும் துணைக்கருவி. அதனால் யார் யாருக்கு விற்றார்கள் என்ற பதிவு எதுவும் இருக்காது. விசாரிக்கும் பொறுப்பு முழுக்க வாங்குபவர் தலையில்தான்.

முதல் வேலை சீரியல் நம்பர்

ஸ்கோப்பின் உடல் பகுதியில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், அந்த நம்பர் தெளிவாகத் தெரியும் போட்டோவைக் கேட்க வேண்டும். அந்த நம்பரைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பி, இது எந்த மாடல், எப்போது தயாரானது என்று விசாரிக்கலாம். அவர்கள் சொல்லும் மாடலும் கையில் இருக்கும் மாடலும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

நம்பரைச் சுரண்டி அழித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் திருட்டுப் பொருட்களின் விவரம் எஃப்.பி.ஐ. நடத்தும் தரவுத்தளத்தில் பதிவாகும். பொதுமக்கள் அதைப் பார்க்க முடியாது, ஆனால் உள்ளூர் போலீசார் சீரியல் நம்பரை வைத்துத் தேட முடியும்.

13 இலக்க எண் இருந்தால்?

ராணுவத்துக்குச் சப்ளை ஆன பொருட்களுக்கு 13 இலக்க ஸ்டாக் எண் உண்டு. அது இருந்தாலே திருட்டு என்று அர்த்தமில்லை. உபரிப் பொருட்களை ராணுவமே சட்டப்படி விற்பதும் உண்டு. ஆனால் விற்பவரிடம் அதற்கான பேப்பர் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

'மேட் இன் சைனா' என்றாலே போலியா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வோர்டெக்ஸ் அமெரிக்க நிறுவனம். ஆனால் அதன் ஸ்கோப்கள் மாடலைப் பொறுத்து ஜப்பான், பிலிப்பைன்ஸ், சீனா என்று வெவ்வேறு நாடுகளில் தயாராகின்றன. அந்த மாடல் உண்மையில் எந்த நாட்டில் தயாரானது, ஸ்கோப்பில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

பழைய மாடல்களுக்கு இது ரொம்பவே முக்கியம். வீவர் ஸ்கோப்கள் ஒருகாலத்தில் டெக்சாஸின் எல் பாசோ நகரில் தயாராகின. அந்த ஆலை 1980-களில் மூடப்பட்டது. ரெட்ஃபீல்டின் டென்வர் ஆலை 1998-ல் மூடப்பட்டு, 2008-ல் பிராண்டின் பெயரை மட்டும் லூபோல்ட் வாங்கியது. பெயர் ஒன்றுதான், ஆனால் பொருள் வேறு.

டூப்ளிகேட் வாங்கினால் என்ன ஆகும்?

தன் பெயரில் போலி ஸ்கோப்கள் உலவுவதாக லூபோல்ட் நிறுவனமே வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. லூபோல்ட், வோர்டெக்ஸ் இரண்டுமே, ரசீது இல்லாவிட்டாலும், ஸ்கோப் எத்தனை கை மாறியிருந்தாலும் ஆயுள் வாரன்டி தருகின்றன. போலிக்கு அது கிடைக்காது. போட்ட பணம் போனது போனதுதான்.

பணத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. பல போலிகள் பொம்மைத் துப்பாக்கிகளுக்காகச் செய்யப்பட்டவை. நிஜத் துப்பாக்கி சுடும்போது பின்னுக்கு உதைக்கும் அதிர்வை அவை தாங்காது. குறி நகர்ந்துவிடும். குண்டு குறிவைத்த இடத்தில் பாயாமல் வேறு எங்கோ பாயும். பக்கத்தில் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விலையைப் பார்த்து மயங்கக் கூடாது

ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர் நிறுவனத்தின் உயர் ரக ஸ்கோப் புதிதாக 3,000 டாலரைத் தாண்டும். அதை ஒருவர் 300 டாலருக்குத் தருகிறார் என்றால் ஒன்று போலி, இல்லை திருட்டு. 'சும்மா வீட்டில் கிடக்குது, அதான் கம்மி விலைக்குத் தர்றேன்' என்ற பேச்சை நம்பி உடனே பணம் அனுப்பக் கூடாது. வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்க வசதி இருக்கிறதா, பணத்தைத் திரும்பப் பெறும் பாதுகாப்பு உள்ள முறையில் கட்டலாமா என்று முதலில் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ரைபிள் ஸ்கோப்பும் இருக்கிறது. 'கேமரா லென்ஸ் மாதிரிதானே, பெட்டியில் போட்டு எடுத்துட்டு வா' என்று அங்கிருக்கும் உறவினரிடம் சொல்வது அவரைச் சிக்கலில் மாட்டிவிடலாம். இரு நாட்டுச் சட்டங்களையும் பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது.

சுருக்கமாக, சீரியல் நம்பர், தயாரான நாடு, விற்பவரின் பேப்பர், விலை ஆகிய நான்கையும் சரிபார்க்க வேண்டும். இதில் ஒன்று இடித்தாலும் அந்த ஸ்கோப்பை வாங்காமல் விடுவதே நல்லது.