வெள்ளித்திரையும் வெள்ளிமலையும்

கலை, காலத்தின் கண்ணாடி என்பர். கண்ணாடி பொய் சொல்லாது, உண்மைதான். ஆனால் அதைப் பிடித்திருக்கும் கை எந்தப் பக்கம் திருப்புகிறதோ, அந்தப் பக்கத்தை மட்டுமே அது காட்டும். பிடித்த கை யாருடையது? திருப்பிய திசை எது? காட்டாமல் விட்ட பக்கத்திலே நின்றவர் யார்? தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டாக வேண்டும். கேட்காவிடின் எஞ்சுவது நடிகர் பெயர்ப் பட்டியலே!

நாம் வாழும் ஊர் கள்ளக்குறிச்சி. மேற்கே நிமிர்ந்தால் கல்வராயன் மலை. கோமுகி ஆறு அங்கே பிறந்து நம் வயல்களை நனைக்கிறது. மலையின் நடுவே வெள்ளிமலை என்றோர் ஊர். அம்மலைகளில் வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையிலே வாழ்வோர் என்பதே அதன் பொருள்; அவர்கள் பேசுவது தமிழே. பெயரிலே மலை அவர்களுடையது. பட்டயத்திலே மலை பிறருடையது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பட்டங்களைத் தாங்கிய மூன்று ஜாகிர்தார் குடும்பங்கள் அந்த மலையை ஆண்டு வந்தன. நிலம் அவர்களது, உழுதவன் செலுத்திய வரியும் அவர்களுக்கே.

வெள்ளையன் வெளியேறிய ஆண்டு 1947. சமவெளியிலே ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய ஆண்டு 1948. மலைமீது ஜாகிர் ஒழிந்தது எப்போது? 1976 ஜூன் 25! இந்த ஆண்டை மனத்திலே இருத்திக்கொண்டு, பத்தாண்டு பத்தாண்டாகத் திரையைப் பார்ப்போம்.

வள்ளி வந்தாள்

1905ஆம் ஆண்டு, திருச்சியிலே ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார் சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் இரயில்வே ஊழியர். கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். டூரிங் டாக்கீஸ் என்று நம் பாட்டனார் அழைத்த கொட்டகைக்கு அவரே முன்னோடி. அன்று படம் பேசவில்லை. 1931 அக்டோபர் 31இல் பேசிற்று. படத்தின் பெயர் ‘காளிதாஸ்’. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழிலே பேச, நாயகன் தெலுங்கிலே விடை பகர்ந்தான்! கதை பழங்கதை, இடையிலே இராட்டையைப் போற்றும் பாட்டு. காலம் கதவைத் தட்டியது. கதவைத் திறக்கத் துணிவில்லை. சாளரத்தின் வழியே ஒரு பாட்டு மட்டும் உள்ளே நுழைந்தது.

அந்தப் படத்தோடு சேர்த்துக் காட்டப்பட்டது எது தெரியுமா? குறத்திப் பாட்டும் நடனமும்! மலை மக்கள் தமிழ்ப் பேசும்படத்திலே முதல் நாளே இடம்பெற்றுவிட்டனர் — ஆடிக் காட்டுவதற்கு. 1933இல் ‘வள்ளி திருமணம்’, 1945இல் ‘ஸ்ரீவள்ளி’. தினைப்புனம் காத்தவள் தேவலோகத்தானுக்கு மனைவியானாள். அந்தத் தினைப்புனம் யாருடைய நிலம், அதற்கு வரி எவ்வளவு, அவள் தந்தை யாருக்குக் கைகட்டி நின்றான் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

முப்பதுகளில் புராணமே பொழிந்ததேன்? நாடகக் கம்பெனிகளின் கதையும் நடிகரும் அப்படியே படப்பிடிப்பு நிலையத்துக்குக் குடிபெயர்ந்தது ஒரு காரணம். மக்களுக்குத் தெரிந்த கதையிலே முதல் போட்டால் முதலுக்கு மோசமில்லை என்ற வணிகக் கணக்கு இன்னொன்று. அரசியல் வாடை அடித்தால் வெட்டியெறிந்த தணிக்கை மூன்றாவது. அந்த இருளிலும் சில விளக்குகள் எரிந்தன. கே. சுப்பிரமணியம் ‘பாலயோகினி’யை 1937இலும், ‘சேவாசதன’த்தை 1938இலும், ‘தியாகபூமி’யை 1939இலும் எடுத்தார். விதவையின் துயரும், கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண்ணின் துயரும் திரைக்கு வந்தன. ‘தியாகபூமி’யை அன்றைய அரசு தடை செய்தது. கண்ணாடி சற்றே திரும்பியதும், பிடித்த கைமீது அடி விழுந்தது!

பிறகு உலகப் போர். படச்சுருளுக்குப் பங்கீடு. உலகம் எரிந்துகொண்டிருந்த 1944இலே வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னையிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோரைப் பழித்த மகன் திருந்திப் பக்தனாகும் கதை. அரிசிக்கு வரிசையில் நின்ற மக்கள் பாகவதரின் குரலிலே பசியை மறந்தனர்.

வசனம் வாளாயிற்று

1949இலே காற்று மாறியது. அண்ணாவின் ‘நல்லதம்பி’யும் ‘வேலைக்காரி’யும் வெளிவந்தன. ‘வேலைக்காரி’யிலே வட்டிக்கு விட்டு வாழும் ஜமீன்தார் வில்லன், அவன் கொடுமையால் தந்தையை இழந்தவன் நாயகன். அவன் காளியின் முன் நின்று கேட்ட கேள்விகள் கொட்டகையின் மணல் தரையிலிருந்தவரை நிமிர்ந்து உட்கார வைத்தன. 1950இலே கலைஞரின் வசனத்தில் ‘மந்திரிகுமாரி’ வந்தது. இராஜகுருவின் மகன் இரவிலே கொள்ளைக்காரன்! குண்டலகேசியிலிருந்து கிளைத்த அக்கதையை எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’. பர்மாவிலிருந்து போரால் சிதறிய குடும்பம், பிழைக்க வந்த தாய்நாட்டிலே பிச்சையெடுக்கிறது. பூசாரியின் காமத்துக்குக் கோவிலே நிழல் தருகிறது. தடை செய்க என்று கூக்குரல் எழுந்தது. படமோ ஓடியது.

படத்தைப் பெரியார் ஐயத்தோடு பார்த்தார். அண்ணா அதைக் கருவியாகக் கண்டார். இருவர் பக்கமும் நியாயமுண்டு. 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவிலே எழுத்தறிந்தோர் 100க்கு 18 பேர். ஏடு எட்டாத வீட்டுக்கு வசனம் எட்டியது. கதை வசனப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் தேநீர்க் கடைவரை சென்றன. படிக்கத் தெரியாதவன் நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொன்னான். அந்தக் காலத்தின் கோபத்தைத் திரை காட்டியது மட்டுமன்று, அதற்குச் சொற்களையும் கொடுத்தது.

இனி மலைக்கு வருவோம். புளியும் கடுக்காயும் சுமந்து சந்தைக்கு இறங்கிய மலையாளி ஒருவர், அன்று கொட்டகைக்குள் நுழைந்து தரையிலே அமர்ந்திருந்தால் எதைக் கண்டிருப்பார்? ஜமீன்தார் வீழ்வதைக் கண்டிருப்பார். கைதட்டியிருப்பார். விடிந்ததும் மலையேறி, வீழாத ஜாகிர்தாருக்கு வரி கட்டியிருப்பார்! 1954இலே ‘மலைக்கள்ளன்’ வந்தது. தமிழ்ப் படங்களிலே முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது அதுதான். இருப்பவரிடம் பறித்து இல்லாதவருக்கு வழங்கும் வீரனுக்கு மலை ஒளிவிடமாயிற்று. மலை இருந்தது, கள்ளன் இருந்தான். மலையிலே பிறந்து மலையிலே உழைத்தவன்தான் இல்லை.

சாட்டையும் பட்டாவும்

அறுபதுகளின் நாயகன் உழைப்பாளி. ‘படகோட்டி’ 1964, ‘தொழிலாளி’ 1964, ‘விவசாயி’ 1967. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யிலே 1965இல் நாயகன் சாட்டையை ஓங்கியபோது தமிழகமே ஆர்ப்பரித்தது. 1967இலே ஆட்சி மாறியது. வசனம் எழுதியவரும், பின்னர் நாயகனாக நடித்தவரும் கோட்டைக்குச் சென்றனர். அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா — திரையோடு தொடர்புடைய ஐவர் முதலமைச்சராயினர். வேறெந்த நாட்டு வரலாற்றிலே இப்படியொரு பக்கம் உண்டு?

பெருமைதான். ஆயினும் ஒரு கணக்குப் போடுவோம். 1967க்கும் 1976க்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டும் வெள்ளிமலையிலே ஜாகிர் இருந்தது. அது முடிந்ததும் நெருக்கடி நிலையின்போது, தேர்ந்தெடுத்த ஆட்சி கலைக்கப்பட்டு ஆளுநர் ஆண்ட நாளிலே. இதைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை. பிறரைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வதே பகுத்தறிவு.

திரை இங்கே எதைத் தவறவிட்டது? கொடியவனை ஒரு வீரன் சாட்டையால் அடிப்பதைக் காட்டியது. பட்டா என்னும் ஒரு தாள் உழைப்பவன் கைக்கு எப்படி வருகிறது, எந்த அலுவலகத்திலே தடைபடுகிறது என்பதைக் காட்டவில்லை. சாட்டைக்குக் கைதட்டல் உண்டு, பட்டாவுக்கு ஏது? ஆனால் அடிமை நீங்குவது சாட்டையால் அன்று, பட்டாவால்!

கொட்டகைக்கு வெளியே

ஜாகிர் ஒழிந்த அதே 1976இலே ‘அன்னக்கிளி’ வந்தது. மறு ஆண்டு ‘16 வயதினிலே’. 1978இலே ‘முள்ளும் மலரும்’. அட்டை அரண்மனையை விட்டுப் படக்கருவி மண்சாலைக்கு வந்தது. வீர வசனம் குறைந்து மௌனம் பேசியது. 1980இலே ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படித்தவனின் பசியைக் காட்டியது. பள்ளிகளைப் பெருக்கிய நாடு வேலைகளைப் பெருக்கவில்லை என்பதே அதன் குற்றச்சாட்டு. 1981இலே, கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து ‘தண்ணீர் தண்ணீர்’. ஒரு குடம் நீருக்காக ஓர் ஊரே அரசோடு மோதிய கதை. விடுதலை பெற்று முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆன நாட்டின் மதிப்பெண் தாள் அது.

தொண்ணூறுகளிலே நேர்ந்தது விந்தையிலும் விந்தை. 1949இலே வில்லனாகத் திரைக்கு வந்த பண்ணையார் இப்போது நாயகனாக எழுந்தருளினார்! ‘சின்னக்கவுண்டர்’ 1992, ‘எஜமான்’ 1993, ‘நாட்டாமை’ 1994. மரத்தடியிலே துண்டோடு அமர்ந்து தீர்ப்பு வழங்கினார்; ஊர் கைகட்டிக் கேட்டது. பெயரே ‘எஜமான்’ என்றால் பார்ப்பவர் யார்? நகரம் பெருகி, தாராளமயம் நுழைந்து, பழைய உறவுகள் ஆட்டம் கண்ட நேரம். அச்சம் கொண்டவன் பழைய எஜமானின் நிழலைத் தேடினான். திரை அதை விற்றது.

‘சின்னக்கவுண்டர்’ வெளிவந்த அதே 1992இலே, கல்வராயனுக்கு அண்டையிலுள்ள சித்தேரி மலையின் அடிவாரத்தில் இன்னொரு மரத்தடிக் காட்சி நடந்தது. ஊர் வாச்சாத்தி, மக்கள் மலையாளிகள். ஜூன் 20ஆம் நாள் சந்தனக்கட்டை தேடுகிறோமென்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. ஆலமரத்தடியிலே மக்களை இழுத்து வந்து அடித்தனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வழக்கு நடந்தது, நடந்தது, பத்தொன்பது ஆண்டு நடந்தது! குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியரில் 54 பேர் இடையிலே மாண்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இலே உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. திரையின் ஆலமரத்தடியிலே தீர்ப்பு இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. வாச்சாத்தியின் ஆலமரத்துக்குத் தீர்ப்பு வர முப்பத்தோராண்டு ஆயிற்று.

கை மாறிய கண்ணாடி

அண்மைப் பத்தாண்டுகளிலே கண்ணாடியைப் பிடித்த கை மாறத் தொடங்கியிருக்கிறது. 2018இலே ‘பரியேறும் பெருமாள்’ சட்டக் கல்லூரி வகுப்பறைக்குள் இருக்கும் சாதியைக் காட்டியது. ஒடுக்கப்பட்டோர் தம் கதையைத் தாமே எடுத்த காலம் இது. 2021இலே ‘ஜெய்பீம்’. நமக்கு அண்டையிலுள்ள விருத்தாசலம் பகுதியில் 1993இலே நடந்த காவல்நிலையச் சாவே அதன் அடிப்படை. உண்மையிலே துயருற்றது குறவர் குடும்பம். படத்திலே அவர்கள் இருளராயினர். தொண்ணூறு ஆண்டுக்கு முன் குறத்தியை ஆட வைத்த திரை, நீதிமன்றம் ஏறிய குறத்தியைக் காட்டும்போது பெயரை மாற்றிக் காட்டியது! ஆயினும் அவள் ஆடவில்லை, வழக்காடினாள். அது சிறிய மாற்றமன்று. 2023இலே ‘விடுதலை’ வந்தது. மலையூரிலே காவல் முகாம், நிர்வாணமாக்கி வதைக்கப்படும் பெண்கள் — வாச்சாத்தியின் பெயர் அங்கே இல்லை. பார்த்தவர் நெஞ்சிலே இருந்தது.

பழைய மலைக்கள்ளனும் ஒழிந்துவிடவில்லை. 2015 ஏப்ரல் 7இலே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினரென்று இருபது தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஆந்திரக் காவலரால் சுடப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவரே பெரும்பாலோர். 2021இலே தெலுங்கிலிருந்து தமிழ் பேசி வந்தான் ‘புஷ்பா’. அதே செம்மரம், அவனோ மாவீரன்! கூலிக்கு வெட்டியவன் பிணமானான். கடத்தி ஆண்டவன் காவியமானான்.

2024 ஜூனிலே கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. உடனே எல்லார் விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. சாராய ஊறல் என்றால்தான் அந்த மலை நாட்டின் நினைவுக்கு வருகிறது. நகரத்திலே உயிர் குடித்தது மெத்தனால். அது மலையிலே விளைவதன்று, ஆலையிலே பிறப்பது! அதன்பின் அம்மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவமனை — விடுதலை பெற்று எழுபத்தேழு ஆண்டான நாட்டின் முன்னே அதே பழைய பட்டியல்.

தோழர்களே! நாம் எண்ணிய படங்கள் இத்தனை. அவற்றிலே ஒன்றிலேனும் 1976இன் கல்வராயன் இல்லை. ஜாகிர்தாருக்கு வரி கொடுத்த கை, அரசுக்கு வரி கொடுத்த முதல் நாள் எப்படி இருந்தது? ஆண்டை போனாரா, வேறு பெயரில் திரும்பி வந்தாரா? நிலத்துக்குப் பட்டா எத்தனை பேருக்குக் கிட்டியது? சொல்லத் தெரிந்தவர் மலையிலே இன்றும் இருக்கின்றனர். அன்று இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று எழுபதை ஒட்டி நிற்கிறார். படம் எடுக்க முதல் வேண்டும். கேட்டு எழுத ஒரு குறிப்பேடு போதும். நம் மன்றங்களும் படிப்பகங்களும் திரை விமரிசனக் கூட்டம் நடத்துகின்றன, நன்று. அடுத்த விடுமுறையிலே இரண்டு இளைஞர் கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறட்டும். அவர்கள் எழுதிக் கொணரும் பக்கங்களை நாம் முதலில் படிப்போம். திரை பிறகு வரட்டும்.