வாங்கும் வெறி: குணத்தின் குறையா, சந்தையின் ஏற்பாடா?

பொருள் வாங்கும் உந்துதலை அடக்க இயலாத நிலைக்கு உளமருத்துவம் பெயரிட்டு நூறாண்டுக்கு மேலாகிறது. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்லின் 1915இல் அதை ‘ஒனியோமேனியா’ என்றார். விற்பனைக்குரியதைச் சுட்டும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். 1924இல் ஆய்கன் பிளாய்லர், திருடும் உந்துதல், தீவைக்கும் உந்துதல் ஆகியவற்றோடு இதையும் ஒரே வரிசையில் வைத்தார். இருவரும் நோயைத் தனிமனிதருக்குள்ளேயே தேடினர்.

நெடுங்காலம் பெரிதும் பேசப்படாதிருந்த இப்பொருளை 1980களின் இறுதியில் நுகர்வோர் ஆய்வாளர்கள் மீட்டெடுத்தனர். ரொனால்டு ஃபேபரும் தாமஸ் ஓகுவினும் 1992இல் ஏழு கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். அதன்பின் வினாநிரல் ஆய்வுகள் பெருகின. எளிதில் பதற்றமுறும் இயல்பு, உந்துதலைத் தள்ளிப்போட இயலாமை, உடைமைகளுக்கு அளிக்கும் மிகைமதிப்பு ஆகியவை இந்நிலையோடு தொடர்புடையனவாகப் பல ஆய்வுகளில் வெளிப்பட்டன. இவை மறுக்கத்தக்கவை அல்ல. ஆனால் போதுமானவையும் அல்ல.

பெங்களூரின் அண்மை வரலாறு அப்போதாமையைக் காட்டுகிறது. 2007இல் இணையப் புத்தகக் கடையாக இங்கே தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010இல் பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையைக் கொணர்ந்தது. வாங்கத் துணியும் கணமும் பணம் இழக்கும் கணமும் பிரிந்தன. 2014 அக்டோபர் 6 அன்று நடந்த பெருந்தள்ளுபடி விற்பனையில், 10 மணி நேரத்தில் 10 கோடி டாலருக்கு விற்றதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டில், அதே நகரின் நிம்ஹான்ஸ் நிறுவனம், தொழில்நுட்பத்துக்கு அடிமையானோருக்கென ‘ஷட்’ சிகிச்சையகத்தைத் தொடங்கியது.

ஏழாண்டுகளில் ஒரு நகரத்தாரின் குணம் மாறிவிடாது. மாறியது வாங்கும் வழி. சிக்பேட்டைக்குப் பேருந்தேறிச் சென்று, பேரம் பேசி, கையிருப்பை எண்ணி வாங்கியவருக்கு ஒவ்வொரு படியும் மறுபடி யோசிக்க ஓர் இடம் தந்தது. கைப்பேசி அவ்விடங்களை ஒவ்வொன்றாக அகற்றியது. யார் எளிதில் சறுக்குவார் என்பதைக் குணம் ஓரளவு சொல்லும். தரையை வழுக்கலாக்குவது சந்தை.

2013இல் வெளிவந்த அமெரிக்க உளநோய்க் கையேடு இந்நிலையைத் தனி நோயாக ஏற்கவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் வகைப்பாடு, உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் கீழ் இதற்கு இடமளிக்கிறது. நோயென ஏற்பது சிகிச்சைக்கு வழி திறக்கும். ஆனால் குணத்தை மட்டுமே அளக்கும் ஆய்வு, கடனோடு பழியையும் நோயாளியின் தலையிலேயே ஏற்றிவிடும். வினாநிரல் வடிப்போர், வாங்குபவரின் இயல்பைக் கேட்கும் இடத்திலேயே அவர் வாங்கிய வழியையும் கேட்டாக வேண்டும்.