செக்ரோலும் தோட்டத் தமிழரும்: மலாக்கா மாநிலத் தோட்டங்களின் தகவல் முறைமை

முன்னுரை

தகவல் முறைமை என்றவுடன் கணினியும் வலையமைப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், வணிக நிருவாகத் துறை அதற்கு வகுக்கும் இலக்கணம் கருவியைச் சார்ந்ததன்று. தரவைத் திரட்டுதல், தொகுத்தல், உரியவரிடம் சேர்த்தல், அதன்வழி முடிவெடுத்தல் ஆகிய நான்கும் ஒழுங்காக நிகழுமிடத்தில் தகவல் முறைமை உண்டு. இவ்விலக்கணத்தின்படி நோக்கினால், மலாக்கா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்கள் கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே முழுமையான தகவல் முறைமையைக் கொண்டிருந்தன. ‘செக்ரோல்’ எனத் தோட்ட மக்கள் வழங்கிய வருகைப் பதிவேடே அதன் மையமாகும். நிறுவனத்தின் தேவைக்காக எழுதப்பட்ட அப்பதிவேடு, பின்னாளில் தொழிலாளியின் வாழ்வுக்குச் சான்றாகும் தகுதியைப் பெற்றது. அச்சான்றை நாம் இழந்து வருகிறோம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

நகரத்தார் பேரேடு

மலாக்காவில் தமிழரின் வணிகம் தோட்டங்களுக்கு மிகவும் முற்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியரான தோமே பிரஸ், துறைமுகத்து வணிகரை நான்கு ஷாபந்தர்கள் மேற்பார்த்தனர் என்றும், அவருள் ஒருவர் ‘கெலிங்’ எனப்பட்ட தென்னிந்திய வணிகர் முதலானோருக்குப் பொறுப்பாயிருந்தார் என்றும் குறிப்பிடுகிறார். 19ஆம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், அன்றாடக் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை எனப் படிப்படியாகத் தொகுக்கும் கணக்குமுறையைக் கையாண்டனர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். முகவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்து வந்து கடையை நடத்துவார். ஊருக்கு அனுப்பப்பட்ட கணக்கின்வழியே வட்டி, நிலுவை, ஐயக்கடன் அனைத்தையும் முதலாளி அறிந்துகொண்டார். இம்முறையில் கணக்கை எழுதியவரும் படித்தவரும் ஒரே மொழியினர் என்பது கருதத்தக்கது. தோட்டக் கணக்கிலோ நிலைமை வேறாயிருந்தது.

செக்ரோல் இயங்கிய முறை

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான் ஆவார். 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் தொடங்கிய அவருடைய முயற்சி, பின்னர்ப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டமாக விரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அத்தோட்டம் ஐரோப்பிய மூலதன நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. உரிமையாளர் இலண்டனிலும் மரங்கள் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் இருந்த நிலையில், இரண்டையும் இணைத்தது எழுத்தே ஆகும்.

விடியற்காலைப் பெரட்டில் கங்காணி பெயர் சொல்லி அழைக்க, கிராணி வந்தவர், வராதவர், நோயுற்றவர் எனக் குறித்துக்கொண்டார். தொழிலாளி நிரையில் மரம் சீவும்போது வெளிக்கிராணி மீண்டும் ஆளைச் சரிபார்த்தார். பிற்பகலில் ஸ்டோரில் பால் நிறுக்கப்பட்டு, அதில் உள்ள உலர் ரப்பரின் அளவு கணிக்கப்பட்டது. இவ்வாறு ஒரே நாளின் உழைப்பு மூன்று இடங்களில் பதிவாகி, ஒன்றுக்கொன்று சான்றாக நின்றது. தம் ஆள்களின் வருகைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது அவருக்கு ஆதாயமாகும். ஆகவே, தனித்தனியான சரிபார்ப்பு நிருவாகத்திற்கு இன்றியமையாததாயிற்று. மாத முடிவில் இக்குறிப்புகளிலிருந்து சம்பளம், முன்பணப் பிடித்தம், ஒரு பவுண்டு ரப்பருக்கான அடக்கவிலை ஆகியவை கணிக்கப்பட்டு, மேலாளரின் அறிக்கையாக முகவர் நிறுவனத்தையும் இயக்குநர் குழுவையும் சென்றடைந்தன. எந்தப் பிரிவில் ஆளைக் குறைப்பது, எந்த மரங்களை வெட்டி மறுநடவு செய்வது என்னும் முடிவுகள் அவ்வறிக்கையைக் கொண்டே எடுக்கப்பட்டன.

அரசும் தோட்டக் கணக்கும்

இக்கணக்கு தோட்டத்தின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடிநுழைவு நிதி நிறுவப்பட்டது. தோட்டத்தில் இந்தியத் தொழிலாளர் உழைத்த நாள்களின் எண்ணிக்கைக்கேற்ப முதலாளிகள் இந்நிதிக்குக் கட்டணம் செலுத்தினர். கப்பற்பயணச் செலவு அதிலிருந்து வழங்கப்பட்டது. தொழிலாளி பெரட்டுக்கு வந்த ஒவ்வொரு நாளும் அரசின் கணக்கிலும் ஒரு நாளாயிற்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டங்கள் சம்பளம், குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றில் முதலாளிக்குக் கடமைகளை விதித்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்னும் விதி, தமிழ்ப்பள்ளிகள் பரவியதற்கு ஒரு காரணமாகும். நம் பள்ளிகளின் தோற்றத்திலும் தலையெண்ணும் கணக்கு ஒன்று இருந்ததை ஈண்டு நினைவுகூரலாம்.

கணக்கின் மொழி

செக்ரோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற மலையாளிகளோ இலங்கைத் தமிழரோ ஆவர். காதில் விழுந்த பெயரை அவரவர் கேட்டவாறு ஆங்கில எழுத்தில் இட்டனர். ஒரே ‘முனியம்மா’ ஒரு தோட்டத்தில் ஒருவகையாகவும் அடுத்த தோட்டத்தில் வேறுவகையாகவும் எழுதப்பட இடமுண்டாயிற்று. தமக்குப் பிடிக்கப்பட்ட தொகை சரியா என்பதைத் தொழிலாளி தாமே படித்தறிய இயலவில்லை. அவரைப் பற்றிய முழுமையான தகவல் அலுவலகத்தில் இருந்தது. அதைக் கேள்வி கேட்கும் ஆற்றல் மட்டும் அவரிடம் இல்லை. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பின்னரே, கணக்கைக் காட்டுமாறு கேட்கும் குரல் நாடு தழுவிய அமைப்பாக வலுப்பெற்றது.

கணக்கில் இல்லாதவரின் நிலையோ இதனினும் கொடியது. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருக்கு ஒழுங்கான பெயர்ப்பதிவு இல்லை. ஆகவே, அங்கு மாண்டவர் எத்தனை பேர் என்பது இன்றளவும் மதிப்பீடாகவே உள்ளது.

சான்றாக மாறிய கணக்கு

1948ஆம் ஆண்டில் அவசரகாலத்தையொட்டி அடையாள அட்டை அறிமுகமானது. 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி தோன்றியது. 1957ஆம் ஆண்டில் விடுதலையோடு குடியுரிமை விண்ணப்பங்கள் பெருகின. 1969ஆம் ஆண்டு முதல் குடியுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் பெற வேண்டியதாயிற்று. இந்நான்கு கட்டங்களிலும் பெயர், பிறப்பு, வாழ்ந்த இடம், உழைத்த காலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றையேனும் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருவர் இன்ன ஆண்டு முதல் இன்ன தோட்டத்தில் உழைத்தார் என்பதற்குத் தோட்ட அலுவலகத்தின் ஏடே வலுவான ஆதாரமாக அமையக்கூடியது.

அதே காலத்தில்தான் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை உங்கு அஸிஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். நிலம் பலருக்குப் பிரித்து விற்கப்பட்டபோது அலுவலகமும் கலைந்தது. பழைய ஏடுகளைக் காக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற்போனது. சட்டமும் நெடுங்காலப் பாதுகாப்பைக் கோரவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, பதிவேட்டின் விவரங்கள் ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் பார்வைக்குக் கிடைத்தால் போதும். ஒரு நிறுவனத்தின் தணிக்கைக்கு ஆறாண்டு போதுமானதே. குடியுரிமைக்கும் குடும்ப வரலாற்றுக்கும் ஒரு தலைமுறைக் காலமும் போதாது.

இன்றைய நிலை

மலாக்காவில் ரப்பர் நிலங்கள் பல இன்று செம்பனையாகவும் குடியிருப்புகளாகவும் மாறியுள்ளன. தமிழர் பெரும்பாலும் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். தோட்ட உழைப்பை அயல்நாட்டுத் தொழிலாளர் ஏற்றுள்ளனர். பழக்குலையின் எண்ணிக்கை கைக்கருவியில் பதிவாகி உடனே தலைமையகத்தை எட்டும் ஏற்பாடு பெரிய நிறுவனங்களில் வந்துள்ளது. கருவி மாறினும் பழைய வினா மாறவில்லை. 2020ஆம் ஆண்டில் கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காரணங்காட்டி, மலேசியச் செம்பனை நிறுவனங்கள் இரண்டின் பொருள்களை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்து நிறுத்தியது. தொழிலாளிக்கு என்ன வழங்கப்பட்டது, என்ன பிடிக்கப்பட்டது என்பதை உலகச் சந்தைக்கு மெய்ப்பிக்கும் கட்டாயம் அதனால் எழுந்தது. தொழிலாளியைப் பற்றிய தகவல் தொழிலாளிக்கும் விளங்கும் மொழியில் கிடைக்க வேண்டும் என்பதே செக்ரோலின் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.

முடிவுரை

செக்ரோல் ஒடுக்குமுறையின் கருவி மட்டுமே எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால், நூல் எழுதாத, கல்வெட்டுப் பொறிக்காத மக்களின் பெயர்கள் நாள்தோறும் பதிவான ஏடு அதனைப்போல் வேறில்லை. தமிழ்ப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் இத்தகையனவே. மாணவரின் பெயர், பெற்றோர், வயது ஆகிய விவரங்களைத் தாங்கிய அவை, தோட்டம் மறைந்த பின்னும் பள்ளியின் பேழையில் எஞ்சியிருக்கக்கூடும். தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகளின் ஆசிரியர்கள், கட்டடம் மாறும்போதும் பழம்பொருள் அகற்றப்படும்போதும் இவ்வேடுகளைக் காத்தல் வேண்டும். அவற்றைப் படியெடுத்து, தனிமனித விவரங்களுக்கு உரிய காப்புடன் பல்கலைக்கழகங்களிலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் சேர்த்தல் ஆய்வாளரின் கடமையாகும். நிறுவனம் தன் தேவை முடிந்ததும் ஏட்டை மூடிவிட்டது; அதைத் திறந்து படிக்கும் தேவை நமக்கு இன்னும் இருக்கிறது.