ஒரு நெல்லுக்கு ஒரு சீட்டு

கிளி ஜோசியம் சொன்னதற்காக யாரையாவது பிடித்துக்கொண்டு போவார்களா? கடலூரில் போனார்கள்.

2024 ஏப்ரல். நாடாளுமன்றத் தேர்தல் ஜுரம் உச்சத்தில் இருந்த நேரம். கடலூர் தொகுதியின் பா.ம.க. வேட்பாளர், சினிமா இயக்குநர் தங்கர் பச்சான். தென்னம்பாக்கம் அய்யனார் கோயில் பக்கம் போனவர், அங்கே கூண்டோடு இருந்த கிளி ஜோசியரிடம் பலன் கேட்டார். கூண்டு திறந்தது. கிளி வந்தது. ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தது. வெற்றி நிச்சயம் என்று சொல்லிவிட்டார் ஜோசியர்.

வீடியோ பரவியது. அடுத்து வனத்துறை வந்தது. ஜோசியரைப் பிடித்தார்கள், கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். பா.ம.க. தரப்பு கொதித்தது. கடைசியில் ஜோசியரை எச்சரித்து அனுப்பினார்கள். மஞ்சக்குப்பம் மைதானம் பார்க்காத அரசியல் கூட்டமா? அங்கே தொண்டை கிழியப் பேசிய பல பேருக்குக் கிடைக்காத விளம்பரம், வாயே திறக்காத ஒரு கிளிக்குக் கிடைத்தது!

ஜூன் 4-ம் தேதி ஓட்டு எண்ணினார்கள். ஜெயித்தது காங்கிரஸின் விஷ்ணு பிரசாத். தங்கர் பச்சானுக்கு மூன்றாவது இடம்.

அப்படியானால் கிளி பொய் சொல்லிவிட்டதா? பாவம், அது எதுவுமே சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரு சீட்டுக்கு ஒரு நெல்.

அந்த வித்தையை எப்படிப் பழக்குகிறார்கள்? மரப்பொந்திலிருந்து குஞ்சாகவே எடுத்து வந்துவிடுவார்கள். கையாலேயே ஊட்டி வளர்ப்பார்கள். அதற்கு அம்மாவும் அந்தக் கைதான், உலகமும் அந்தக் கைதான். பசி நேரத்தில் முன்னால் சீட்டு வைப்பார்கள். அலகால் தொட்டால் ஒரு நெல். பிறகு, தொட்டால் போதாது, இழுத்தால்தான் நெல். அப்புறம், இழுத்துக் கையில் கொடுத்தால்தான் நெல். கடைசிப் பாடம், வேலை முடிந்ததும் தானாகக் கூண்டுக்குத் திரும்புவது. இவ்வளவுதான் சூட்சுமம். சில கிளிகள் இரண்டு மூன்று சீட்டை ஒதுக்கித் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும். நாமும் 'அடேங்கப்பா, யோசிச்சு எடுக்குதே!' என்று வாயைப் பிளப்போம்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் இதே முறையில்தான் புறாக்களைப் பழக்கினார். சரியாகச் செய்தால் தீனி, இல்லையென்றால் இல்லை. 1930-களிலிருந்து அவர் செய்த ஆராய்ச்சிகள் இன்றைக்கு உளவியல் பாடம். நம்மூர் மரத்தடி ஜோசியர் அந்தப் பாடத்தை எந்த காலேஜிலும் படித்ததில்லை.

வியாபாரமாகப் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான தொழில் கிடையாது. முதலீடு ஒரு கூண்டு, ஒரு கட்டு சீட்டு, ஒரு கிளி. சம்பளம் ஒரு நெல். ஆனால், இந்தக் கணக்கில் ஒரு செலவு எழுதப்படுவதே இல்லை. கிளி ஏன் பறந்து போகவில்லை? பாசத்தால் அல்ல. றெக்கையை வெட்டியிருப்பார்கள். வெட்டிய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கும். மறுபடி வெட்டுவார்கள். கூண்டில் 20 வருஷத்துக்கு மேலும் வாழக்கூடிய பறவை அது. எத்தனை தடவை கத்தரி பட்டிருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளியைப் பழக்கும் ஆசை மனுஷனுக்கு இன்று நேற்று வந்ததில்லை. கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கற்றுக் கொடுப்பதை 64 கலைகளில் ஒன்றாகவே சேர்த்து வைத்தார் வாத்ஸ்யாயனர். கி.மு. 400 வாக்கில் பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் டீசியஸ், இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனுஷன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் நம்ம கிளியைப் பற்றி எழுதிவிட்டார். அது இந்திய மொழி பேசுமாம், கிரேக்கம் சொல்லிக் கொடுத்தால் கிரேக்கமும் பேசுமாம்!

ரோமாபுரிக்கும் நம்ம கிளி போனது. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி அதை இந்தியப் பறவை என்றே குறித்து வைத்திருக்கிறார். சக்கரவர்த்திக்கு வணக்கம் சொல்லும், ஒயின் கொடுத்தால் குஷியாகிவிடும் என்றெல்லாம் எழுதியவர், பாடம் நடத்தும் முறையையும் சொல்கிறார். இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அதற்கு உறைக்காதாம்! 'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை' என்று நாம் செல்லமாகச் சொல்கிறோம். அந்தப் பிள்ளை வாங்கிய அடி இரண்டாயிரம் வருஷத்துக் கதை.

கடல் தாண்டிப் போன தமிழர்களோடு கிளி ஜோசியமும் போனது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்து ஞாபகம் இருக்கிறதா? ஜெர்மனியில் பால் என்கிற ஆக்டோபஸ் ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் போட்டிக்கு இறங்கியது மணி என்கிற கிளி. கால் இறுதி ஆட்டங்கள் நான்கையும் சரியாகச் சொல்லி உலகப் புகழ் பெற்றது. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்து சீட்டை எடுத்தது. ஜெயித்தது ஸ்பெயின். ஆக்டோபஸ் தப்பித்தது, கிளி கோட்டை விட்டது.

சரி, கடலூருக்கு வருவோம். வனத்துறை செய்தது தப்பா? சட்டப்படி தப்பே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1991-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வாங்குவது விற்பது எல்லாமே குற்றம். 2022-ல் மறுபடி திருத்தினார்கள். அது 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணைக்கு உயர்ந்தது. மீறினால் மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வீட்டில் செல்லமாக வளர்க்கிறோம் என்று சொல்லியும் தப்ப முடியாது.

இடிக்கிற இடம் வேறு. அத்தனை வருஷமாக நம்மூர் கோயில் வாசலில், கடற்கரையில், சந்தையில் எத்தனை கூண்டு திறந்து மூடியது! அப்போதெல்லாம் தூங்கிய சட்டம், ஒரு வேட்பாளருக்குச் சீட்டு எடுத்ததும் விழித்துக்கொண்டது. அதனால்தான் எல்லோரும் அரசியல் பேசினார்கள். றெக்கை வெட்டிய கிளியைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

பறிமுதல் செய்த கிளியை அப்படியே திறந்து விட்டாலும் அதற்கு வாழத் தெரியாது. இரை தேடத் தெரியாது, பருந்துக்குப் பயப்படத் தெரியாது. இறகு முளைக்கும் வரை வைத்திருந்து, பறக்கவும் தின்னவும் பழக்கித்தான் விட வேண்டும். சீட்டு எடுக்கப் பழகிய கிளிக்கு இது இரண்டாவது படிப்பு. முதல் படிப்பைவிடக் கஷ்டமானது.

இன்னொருவருக்கும் அதே கஷ்டம் இருக்கிறது. வேறு தொழில் தெரியாமல், அப்பா காட்டிய கூண்டையே நம்பி வயதாகிப்போன ஜோசியர். அவரும் ஒரு நெல்லுக்கு ஒரு சீட்டு எடுத்தே காலம் தள்ளியவர்தான். கிளியைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது, அது நியாயம். கூண்டைப் பறிகொடுத்தவருக்கு ஒரு பெட்டிக்கடை வைக்கவாவது யாராவது வழி சொல்ல வேண்டாமா? எச்சரித்து வெளியே அனுப்பினால் மட்டும் போதுமா? அவர் மறுநாள் எங்கே போவார்? இன்னொரு மரப்பொந்தைத் தேடித்தான் போவார்.