ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த நாய், பூனை... முதல் 24 மணி நேரம் ஏன் முக்கியம்? என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வீட்டுக்கு கூட்டிட்டு போகலாம்." கால்நடை மருத்துவர் இப்படிச் சொன்னதும் கவலை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் செல்லப்பிராணி கண்ணைத் திறந்துவிட்டது என்பதற்காக மயக்கம் முழுசா தெளிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மருந்தின் தாக்கம் உடம்பில் இன்னும் சில மணி நேரம் இருக்கும். சிலவற்றுக்கு ஒரு நாள் வரைகூட இருக்கும்.

கருத்தடை, கட்டி அகற்றுதல், எலும்பு முறிவு, பல் சுத்தம் என எந்தக் காரணத்துக்காக மயக்க மருந்து கொடுத்திருந்தாலும், வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களைப் பார்ப்போம்.

ஆபத்து எப்போது அதிகம்?

ஆபரேஷன் நடக்கும் நேரம்தான் ஆபத்து என்று தோன்றும். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த ஒரு பெரிய ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. சுமார் 98 ஆயிரம் நாய்கள், 79 ஆயிரம் பூனைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்ட விவரங்கள் அதில் சேகரிக்கப்பட்டன. மயக்க மருந்து தொடர்பாக இறந்தவை நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம். அதாவது சுமார் 600 நாய்களில் ஒன்று, 420 பூனைகளில் ஒன்று. உடல்நலம் நன்றாக இருந்த பிராணிகளில் இது இன்னும் குறைவு.

கவனிக்க வேண்டியது அடுத்த தகவல். இறந்த நாய்களில் கிட்டத்தட்ட பாதியும், பூனைகளில் சுமார் 60 சதவீதமும் இறந்தது ஆபரேஷன் மேஜையில் அல்ல, அதற்குப் பிறகுதான். அதிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். ஆபரேஷன் நேரத்தில் மூச்சு, இதயத் துடிப்பு இரண்டையும் பார்க்க ஆள் இருக்கிறது. முடிந்ததும் அந்தக் கண்காணிப்பு குறைந்துவிடுகிறது. அந்த இடைவெளிதான் பிரச்சினை.

அதனால் மயக்கத்தில் தலை தொங்கிக் கிடக்கும் நிலையில் பிராணியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தானாகத் தலையைத் தூக்க வேண்டும், எச்சில் விழுங்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். அதுவரை மருத்துவமனையிலேயே இருக்க அனுமதி கேளுங்கள்.

காலையிலேயே ஆபரேஷன் கேளுங்க

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு மாலை நேரம்தான் வசதி. ஆனால் இரவு 8 மணிக்கு ஆபரேஷன் நடந்தால், நாய்க்கு மயக்கம் தெளியும் நேரம் நள்ளிரவாகிவிடும். அப்போது ஏதாவது ஆனால் கிளினிக் மூடியிருக்கும்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மறுநாள் வீட்டில் ஒருவராவது இருக்கும் நாளாகப் பாருங்கள். கிளம்பும் முன் மருத்துவரிடம் 4 விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

- எந்த மயக்க மருந்து கொடுத்தீர்கள், தெளிய எவ்வளவு நேரம் ஆகும்?
- வலி மருந்து போட்டாச்சா, அடுத்த டோஸ் எப்போது?
- தண்ணீர், சாப்பாடு எப்போது கொடுக்கலாம்?
- ராத்திரியில் பிரச்சினை என்றால் எந்த எண்ணுக்கு அழைக்கலாம்?

இந்தப் பகுதியில் இருந்து பெரிய ஆபரேஷனுக்குப் பலர் போவது வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான். 1903-ல் தொடங்கப்பட்ட கல்லூரி இது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அங்கிருந்து அம்பத்தூருக்கு சுமார் 15 கி.மீ., ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் சுமார் 20 கி.மீ. டிராஃபிக் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

அவ்வளவு தூரத்துக்கு ஸ்கூட்டரின் முன்பக்கம் படுக்கவைத்தோ, பைக்கின் பின்னால் ஒருவர் மடியில் வைத்தோ கூட்டி வருவது சரியில்லை. கழுத்து மடங்கினால் மூச்சுக்குழாய் அடைபடலாம். வண்டி ஓட்டுபவருக்கு அது தெரியவும் தெரியாது. ஆட்டோ அல்லது கார்தான் பாதுகாப்பு. பிராணி பக்கவாட்டில் படுத்து, கழுத்து நேராக நீண்டு, மூக்கு வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். பூனை என்றால் கட்டாயம் கூண்டுக்குள்தான்.

நடுங்குது, முனகுது... பயப்படணுமா?

மயக்க மருந்து, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியையும் மந்தமாக்கும். கூடவே வயிற்று முடியை மழித்து, ஸ்பிரிட் தடவி, உலோக மேஜையில் படுக்கவைத்திருப்பார்கள். உடம்பு குளிர்ந்துவிடும். நடுக்கத்துக்கு இதுதான் முக்கியக் காரணம். உடம்பு குளிர்ந்தால் மருந்து இறங்குவதும் தாமதமாகும்.

நாய்க்கும் பூனைக்கும் இயல்பான வெப்பநிலை சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு அவற்றுக்கு இயல்பு. 99-க்குக் கீழே போனாலோ, 103-க்கு மேல் போய் இறங்காமல் இருந்தாலோ மருத்துவரை அழைக்க வேண்டும்.

சென்னை வெயிலுக்கு ஏ.சி. போட்டுப் படுக்கவைக்கத் தோன்றும். முழுசா தெளியும் வரை ஏ.சி. காற்றும், வேகமான ஃபேன் காற்றும் நேராகப் படக்கூடாது. தரையில் நான்காக மடித்த போர்வை, மேலே ஒரு பெட்ஷீட் போதும். வெந்நீர் பாட்டில் வைப்பதாக இருந்தால் டவலில் சுற்றித்தான் வைக்க வேண்டும். சுட்டாலும் நகரத் தெரியாத நிலையில் இருப்பதால் தோல் வெந்துவிடும். அதே நேரம், கத்திரி வெயில் காலத்தில் தகர ஷீட் போட்ட மொட்டை மாடி அறையில் அடைப்பதும் ஆபத்து. காற்றோட்டமான, மிதமான இடம்தான் சரி.

முனகல் எல்லாமே வலி அல்ல. மயக்கம் தெளியும்போது குழப்பத்தில் சில நாய்கள் ஊளையிடும். மெதுவான குரலில் பேசினால் அடங்கும். அடங்காமல் உடம்பைச் சுருட்டிக்கொண்டு, தொட்டால் சீறினால் அது வலியாக இருக்கலாம். கேட்டமைன் வகை மருந்து கொடுத்திருந்தால் பூனையின் கண் திறந்தே இருக்கும், ஆனால் இமைக்காது. கண் வறண்டுவிடாமல் இருக்க மருத்துவர் தரும் கண் களிம்பைப் போட வேண்டும். மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருந்தால் ஓரிரு நாள் லேசான இருமல் வரலாம்.

படுக்கவைக்கும் முறை

கட்டில், சோஃபா வேண்டாம். எழுந்திருக்கப் பார்த்து விழுந்துவிடும். மாடிப்படி, பால்கனி, தண்ணீர் டப், மூடாத சம்ப் பக்கத்தில் விடக்கூடாது. தலைக்குத் தலையணை வைத்தால் கழுத்து மடங்கும். வாந்தி வந்தால் வெளியேற வழியில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரே பக்கமாகக் கிடந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் வேறு நாய், பூனை இருந்தால் தனி அறை அவசியம். மருத்துவமனை வாசனையோடு வரும் பிராணியை மற்றது அடையாளம் தெரியாமல் தாக்குவது உண்டு. குழந்தைகள் கட்டிப்பிடிக்கவும் கூடாது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் அரை மயக்கத்தில் கடிக்க வாய்ப்புண்டு. கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும்.

சாப்பாடு எப்போ?

"காலைல இருந்து பட்டினி, பாவம்" என்று வந்ததும் சோறு வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. விழுங்கும் திறன் முழுசா திரும்பாத நிலையில் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடும்.

தள்ளாடாமல் நடந்த பிறகு முதலில் கொஞ்சம் தண்ணீர். வாந்தி இல்லை என்றால் அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து வழக்கமான அளவில் கால் பங்கு சாப்பாடு. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் குழைந்த சோறும் நல்லது. எலும்பு, குழம்பு, பால் அன்றைக்கு வேண்டாம். குட்டிகளையும் உடல் சிறிய இனங்களையும் அதிக நேரம் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை குறைந்துவிடும். அவற்றுக்கு எப்போது கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

நம்ம வீட்டு மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாய்க்கு வயிற்றுப்புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். மருத்துவர் எழுதிய மருந்து, எழுதிய அளவு, அவ்வளவுதான்.

தையல் போட்ட இடத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை அரைப்பு எதுவும் தடவ வேண்டாம். நம்ம ஊரில் பெரிய தொல்லை ஈ. ஈரமான காயத்தில் ஈ உட்கார்ந்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். காயம் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். தையல் பிரிக்கும் வரை, பொதுவாக 10 முதல் 14 நாள், குளிப்பாட்டக் கூடாது, ஓடவிடக் கூடாது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் வெளியே கூட்டிப் போவதை நிறுத்திவிடுங்கள்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

பக், ஷிட்சு, பெர்சியன் பூனை போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். தெளியும் நேரத்தில் அது அடைபட வாய்ப்பு அதிகம். அதனால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும்.

கிரேஹவுண்டு போன்ற மெலிந்த வேட்டை நாய்களுக்கு சில மயக்க மருந்துகள் இறங்க நேரமாகும். உடம்பில் கொழுப்பு குறைவாக இருப்பதும், கல்லீரல் அந்த மருந்தை மெதுவாக உடைப்பதும் காரணம். நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் அதே உடல்வாகு கொண்டவை. முன்கூட்டியே இனத்தைச் சொல்லிவிடுங்கள்.

புறநகரில் மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு தகவல். மயக்க ஊசி போட்ட மாட்டைப் பக்கவாட்டில் கிடக்கவிட்டால் வயிற்றில் வாயு சேர்ந்து உப்பி, மூச்சை அடைக்கும். மார்பு தரையில் படும்படி, இருபுறமும் வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்து உட்காரவைக்க வேண்டும். தெளியும் வரை தீவனம், தண்ணீர் கூடாது.

தெருநாய்க்கு கருத்தடை செய்தால் யார் பார்ப்பது?

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னையில் 1964-லேயே தொடங்கியது புளூ கிராஸ் அமைப்பு. இப்போது நடைமுறையில் இருப்பது மத்திய அரசின் 2023-ம் ஆண்டு நாய் இனக் கட்டுப்பாட்டு விதிகள். இதன்படி தெருநாய்களுக்குக் கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி, ஆபரேஷனுக்குப் பிந்தைய பராமரிப்பு ஆகியவை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. குணமான பிறகுதான் விட வேண்டும். ரேபிஸ் உள்ள நாய்கள், ஆக்ரோஷமான நாய்கள், பள்ளி, மருத்துவமனை போன்ற வளாகங்களில் பிடிக்கப்பட்ட நாய்கள் ஆகியவற்றுக்கு 2025-ல் உச்ச நீதிமன்றம் விதிவிலக்கு வகுத்துள்ளது.

திரும்ப வந்த நாயின் காது ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கும். கருத்தடை முடிந்ததற்கான அடையாளம் அது. அந்த நாய் தள்ளாடினாலோ, தையல் பிரிந்திருந்தாலோ போட்டோ எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டுப் புகார் செய்யலாம். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம் என்பதால் 1913-ஐ அழைக்கலாம். ஆவடிக்குத் தனி மாநகராட்சி, பூந்தமல்லிக்கு நகராட்சி என்பதால் அங்கே புகார் போக வேண்டிய இடம் வேறு. சாப்பாடு வைப்பவர்கள், நாய் நேராக நடப்பதைப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்

- ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருப்பது. விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் பழைய நிறம் வர வேண்டும். கறுப்பு ஈறு உள்ள நாட்டு நாய் என்றால் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பாருங்கள்.
- மூச்சுத் திணறல், வாயைத் திறந்து மூச்சுவிடும் பூனை
- வயிறு உப்பிக்கொண்டே போவது, தையலில் இருந்து ரத்தம் சொட்டுவது
- திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு
- சொன்ன நேரம் கடந்தும் எழுந்திருக்காமல் இருப்பது, எழுந்த பிறகு மறுபடியும் துவண்டுபோவது
- 24 மணி நேரம் ஆகியும் சிறுநீர் கழிக்காமல் அல்லது எதுவும் சாப்பிடாமல் இருப்பது

மலம் கழிக்க இரண்டு மூன்று நாள் ஆவது சகஜம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

அன்றிரவு ஒருவர் பக்கத்திலேயே படுத்து, தெளியும் வரை அரை மணிக்கு ஒருமுறை மூச்சையும் ஈறு நிறத்தையும் பார்த்துக் குறித்து வைத்தால், மருத்துவரிடம் பேசும்போது அந்தக் குறிப்பே பெரிய உதவியாக இருக்கும்.