தப்பவே விரும்பாத கைதிகள்

1965இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரின் இரண்டாவது அத்தியாயத்திலேயே, ஜேர்மன் சிறைமுகாமில் இருக்கும் போர்க்கைதிகள் ஒரு டைகர் யுத்தத் தாங்கியைக் கடத்திவந்து, முகாமுக்குள் வைத்துக் கழற்றி, அதன் வரைபடத்தை லண்டனுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். டைகர் எண்டால் 50 தொன்னுக்கு மேல பாரம். காவலர்களுக்கு ஒரு சத்தமும் கேட்காதாம். இதை விழுங்கக் கூடியவர்கள்தான் 1971 வரை ஓடிய 168 அத்தியாயங்களுக்குள்ளும் இறங்கலாம்.

கதை நடப்பது ஸ்டாலாக் 13 என்ற முகாமில். அமெரிக்கரான கேணல் ஹோகனும் அவரது ஆட்களும் அங்கே கைதிகள். ஆனால் கட்டிலுக்குக் கீழே ஒரு சுரங்க வாசல், காட்டில் மரக்குற்றிக்குள் இன்னொன்று, காவல் நாயின் கூட்டுக்குக் கீழே வேறொன்று. முகாம் தளபதி கிளிங்கின் அறையில் தொங்கும் ஹிட்லர் படத்துக்குள் ஒலிவாங்கி. அதை ஒட்டுக்கேட்பது ஒரு கோப்பிக் கேத்தல் வழியாக! இவ்வளவும் இருந்தும் இவர்கள் தப்பி ஓடுவதில்லை. இரவில் போய்ப் பாலத்தை உடைத்துவிட்டு, விடிய முதல் திரும்பிவந்து கணக்கெடுப்புக்கு வரிசையில் நிற்பார்கள். தப்பவைப்பது மற்றவர்களைத்தான். தன் முகாமிலிருந்து ஒருவரும் தப்பியதில்லை என்று கிளிங்க் பெருமையடிப்பார். அந்தப் பெருமையைக் காப்பாற்றிக் கொடுப்பதே ஹோகன்தான். கிளிங்கைத் தூக்கிவிட்டுக் கெட்டிக்காரன் ஒருவனைப் போட்டால் ஹோகனின் கடையைப் பூட்டவேண்டி வரும் எல்லோ.

இதெல்லாம் சுத்தப் புளுகு என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் உண்மையில் நடந்தவற்றைத் தேடி வாசித்தால், நாடகம் எழுதினவர்களின் கற்பனை கொஞ்சம் கஞ்சத்தனமானது என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

இன்று போலந்தில் இருக்கும் சாகன் நகருக்குப் பக்கத்தில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற முகாம் இருந்தது. கைதான விமானப்படையினருக்கானது. குடிசைகள் கம்பிவேலிக்கு வெகு தூரத்தில். அங்கிருந்து தோண்டினால் காலம் போய்விடும். 1943இல் சில பிரித்தானியக் கைதிகள், உடற்பயிற்சிக்குத் தாண்டிக் குதிக்கும் மரக்குதிரை ஒன்றைச் செய்தார்கள். ஒவ்வொரு நாளும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்குக் கிட்ட ஒரே இடத்தில் வைப்பார்கள். உள்ளே ஒருவர் ஒளிந்திருப்பார். மேலே மற்றவர்கள் மணிக்கணக்காகக் குதிக்க, அவர் கீழே மண்ணைத் தோண்டுவார். முடிந்ததும் குழியைப் பலகையால் மூடி, மேலே மண்ணைப் பரவிவிட்டு, ஆளையும் மண்ணையும் குதிரைக்குள் வைத்தே தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். நிலத்தின் அதிர்வைப் பிடிக்க ஜேர்மானியர் கருவிகள் புதைத்திருந்தார்கள். குதிக்கிற சத்தம் தோண்டுகிற சத்தத்தை அமுக்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே போனது. ஒக்ரோபர் 29ஆம் திகதி எரிக் வில்லியம்ஸ், மைக்கல் கொட்னர், ஒலிவர் பில்பொட் மூவரும் வெளியேறினார்கள். மூவரும் சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். இதை ஹோகனின் கதையாக எழுதியிருந்தால் நாங்களே நம்பியிருக்க மாட்டம்.

கோல்டிட்ஸ் கோட்டையில் இருந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கூரைக்குக் கீழே இருந்த பரணில், கட்டில் பலகையாலும் படுக்கைத் துணியாலும் இரண்டு பேர் போகக்கூடிய ஒரு கிளைடர் விமானத்தையே கட்டினார்கள். பறக்க முதல் 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துவிட்டது. சார்ஜன்ட் ஷுல்ட்ஸுக்குத் தின்னக் கொடுத்து வாயை மூடவைப்பதுகூடக் கற்பனை இல்லை. செஞ்சிலுவைப் பொதிகளில் வந்த கோப்பி, சொக்லேட், சிகரட்டைக் கொடுத்து மயக்கிய காவலர்கள் உண்மையிலேயே இருந்தார்கள்.

ஆகவே நம்பமுடியாதது தந்திரங்கள் இல்லை. அகப்பட்ட பிறகு என்ன நடக்கும் என்ற இடத்தில்தான் நாடகம் பொய் சொல்கிறது.

அதே சாகன் முகாமில் 1944 மார்ச் 24ஆம் திகதி இரவு, ‘ஹரி’ என்று பெயர் வைத்த சுரங்கத்தால் 76 பேர் வெளியேறினார்கள். நீளம் 100 மீற்றருக்கு மேல். இடியாமல் தாங்கியது கட்டில் பலகைகள், காற்று வந்தது பால்மாப் பேணிகளைப் பொருத்திச் செய்த குழாயால், தோண்டிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டியது காற்சட்டைக்குள் தொங்கவிட்ட பைகளால். இவ்வளவு செய்தும் சுரங்க வாய் காட்டுக்குள் திறக்கவில்லை, வெளியிலேயே திறந்துவிட்டது. 73 பேர் பிடிபட்டார்கள். இரண்டு நோர்வேக்காரரும் ஒரு டச்சுக்காரரும் மட்டும் தப்பினார்கள். ஹிட்லரின் கட்டளைப்படி 50 பேரை கெஸ்டாப்போ சுட்டுக் கொன்றது. திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ரொஜர் புஷெலும் அதில் ஒருவர். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, கைதிகளின் மூத்த அதிகாரி எத்தனை பேர் காயப்பட்டார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது.

கிளிங்குக்கு ஹிட்லரைவிடப் பயம் ரஷ்யப் போர்முனை. அங்கே மாற்றிவிடுவார்கள் என்ற மிரட்டலுக்கு ஒவ்வொரு முறையும் பின்னணிச் சிரிப்பு எழும்பும். அந்த முனையின் மற்றப் பக்கத்தில், ஜேர்மனியிடம் கைதான சுமார் 57 லட்சம் சோவியத் படையினரில் 33 லட்சம் பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலும் பட்டினி, குளிர், நோய். கன பேர் சுடப்பட்டார்கள். அவர்களுக்குச் செஞ்சிலுவைப் பொதி வரவில்லை. பேணி இல்லாதவன் எதால் குழாய் செய்வான்? சுரங்கம் தோண்டுவதற்கும் வயிற்றில் ஏதாவது இருக்கவேணும்.

முகாம் எண்ட சொல்லை எங்கட வீடுகளில ஒருவரும் சிரிச்சுக்கொண்டு சொல்லுறதில்லை. அதனால், இதை வைத்து நகைச்சுவை செய்ய இவர்கள் ஆர் என்ற கோபம் எங்களில் சிலருக்கு இருந்தது. பிறகு நடிகர்களைப் பற்றித் தேடினம். கிளிங்காக நடித்த வேர்னர் கிளெம்பெரர் யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் குடும்பத்தோடு ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். கிளிங்க் ஒரு தடவைகூட வெல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். ஷுல்ட்ஸாக நடித்த ஜோன் பானரும் யூதர், ஒஸ்ரியாவிலிருந்து தப்பி வந்தவர். பின்னால் விட்டுவந்த உறவுகள் கொல்லப்பட்டார்கள்.

பிரெஞ்சுக் கைதி லெபோவாக நடித்தவர் ரொபேர்ட் கிளாரி. 1942இல் 16 வயதில் பாரிஸிலிருந்து நாடுகடத்தப்பட்டவர். கையில் குத்திய இலக்கம் ஏ-5714. புகென்வால்ட் வதைமுகாமில் காவல்படையினருக்கு முன்னால் பாடி, ஆடி, அதனாலும் உயிர்தப்பியவர். குடும்பத்தில் 12 பேர் அவுஷ்விட்ஸில் இல்லாமல் போனார்கள். எப்படி இதில் நடித்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, போர்க்கைதி முகாம் வேறு, தான் இருந்த இடம் வேறு என்று பொறுமையாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். தன் சொந்தக் கதையைப் பற்றி மட்டும் பல வருடங்கள் வாய் திறக்கவில்லை. யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று சொல்ல ஆட்கள் கிளம்பிய பிறகுதான், 1980இல், பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பேசத் தொடங்கினார்.